தளம் போட எந்தக் கெமிக்கல்? லிக்னோ, எஸ்.என்.எஃப்., பி.சி.இ. – உங்கள் சைட்டுக்கு எது சரி

போன மாதம் திருமங்கலம் பக்கம் வீடு கட்டிக்கொண்டிருக்கும் என் மச்சான் போன் செய்தார். ஆயிரம் சதுர அடி தளம், அடுத்த வாரம் கான்கிரீட். ஹார்டுவேர் கடைக்காரர் ஒரு லிட்டர் கேனைக் காட்டி இது போதும் என்கிறார், இன்ஜினியர் சூப்பர்பிளாஸ்டிசைசர் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார், தெரிந்த இன்னொருவர் 'இப்போ எல்லாரும் பி.சி.இ. தான்' என்கிறார், மேஸ்திரியோ 'ஒண்ணும் வேண்டாம் சார், தண்ணி கொஞ்சம் கூட விட்டா தானா ஓடும்' என்கிறார். "மாப்ள, எதைத்தான் வாங்குறது?"

அவருக்கு போனிலேயே பதில் சொல்லிவிட்டேன். ஆனால் இதே கேள்வி வருடத்துக்குப் பத்துப் பேரிடமிருந்து வருகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இவையெல்லாம் கான்கிரீட் கலவையை இளக்கும் கெமிக்கல்கள்: சாதாரண பிளாஸ்டிசைசரான லிக்னோ, சூப்பர்பிளாஸ்டிசைசர்களான எஸ்.என்.எஃப்., பி.சி.இ. என்று மூன்று வகை.

முதலில் மேஸ்திரி சொல்வதை எடுத்துக்கொள்வோம். அவர் கஷ்டம் நியாயமானது. கெட்டியான கலவை கம்பி இடுக்கில் இறங்காது, பீமும் தூணும் சேரும் இடத்தில் ஓட்டை விழும், ஷட்டர் பிரித்தால் தேன்கூடு போல ஜல்லி பல்லிளிக்கும், அந்தப் பழியும் அவர் தலையில்தான் விழும். அதனால் ஒரு பக்கெட் தண்ணீரைக் கூட ஊற்றிவிடுகிறார். சிக்கல் என்னவென்றால், சிமெண்ட் வேதிமாற்றம் அடைய அதன் எடையில் கிட்டத்தட்ட கால் பங்கு தண்ணீர் போதும், மாற்றத்தில் உருவாகும் பசைக்குள் சிக்கிக்கொள்ளும் நீரையும் சேர்த்தால்கூட நாற்பது சதவீதத்தைச் சுற்றித்தான் வரும், அதற்கு மேல் ஊற்றும் ஒவ்வொரு லிட்டரும் கலவையை ஓட வைக்க மட்டுமே உதவி, பிறகு காய்ந்து வெளியேறி, தான் இருந்த இடத்தைக் கண்ணுக்குத் தெரியாத துளையாக விட்டுவிட்டுப் போகிறது. தண்ணீர்-சிமெண்ட் விகிதம் ஏற ஏற வலிமை இறங்கும் என்பதை அமெரிக்காவில் டஃப் ஆப்ராம்ஸ் 1918-லேயே சோதனை செய்து எழுதிவிட்டார். நூறு வருடம் தாண்டியும் அந்த விதி மாறவில்லை.

சரி, கெமிக்கல் என்ன செய்கிறது? கேப்பைக் கூழ் கிண்டும்போது கட்டி தட்டுமே, அதுபோல சிமெண்டும் தண்ணீரில் விழுந்ததும் துகளோடு துகள் ஒட்டிக்கொண்டு குட்டிக் குட்டிக் கட்டியாகும். ஊற்றிய தண்ணீரில் ஒரு பங்கு அந்தக் கட்டிகளுக்குள் மாட்டிக்கொள்ளும், கலவையை இளக்க அது உதவாது. கெமிக்கல் துகள்களின் மேல் படிந்து அவற்றைப் பிரித்துவிடுகிறது. மாட்டிய தண்ணீர் வெளியே வருகிறது, கலவை இளகுகிறது. இதற்கு மேல் இதில் மந்திரம் ஒன்றும் கிடையாது. இந்தக் கேனுக்குள் வலிமை இல்லை. தண்ணீரைக் குறைக்க அது வழி விடுகிறது, அவ்வளவுதான். கெமிக்கலையும் ஊற்றிவிட்டு தண்ணீரையும் பழையபடி ஊற்றினால் கலவை பாயசம் போல ஓடும், சோதனைக்கு வார்த்த க்யூபை உடைத்துப் பார்த்தால் வலிமை அதே பழைய வலிமைதான். நான் பார்த்த வீட்டு சைட்டுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் நடக்கிறது, அதுதான் எனக்கு மனசு ஆறவில்லை, ஏனென்றால் காசு கொடுத்து வாங்கியவர் தன் வீடு கெட்டியாகிவிட்டது என்று நம்பிக்கொண்டிருக்கிறார்.

இப்போது கணக்குக்கு வருவோம், இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது. 20 மி.மீ. ஜல்லி போட்டு 50 மி.மீ. ஸ்லம்ப் (கூம்பு அச்சைத் தூக்கியதும் கலவை அமுங்கும் அளவு, இளக்கத்தைக் காட்டுவது) வர ஒரு கன மீட்டருக்கு 186 லிட்டர் தண்ணீர் என்பது ஐ.எஸ். 10262 என்ற இந்தியத் தரவிதி தரும் தொடக்க அளவு. ஸ்லம்ப் ஒவ்வொரு 25 மி.மீ. கூடும்போதும் சுமார் 3 சதவீதம் ஏற்ற வேண்டும். தளத்துக்கும் பீமுக்கும் சேர்த்து வசதியாக 100 மி.மீ. வேண்டுமென்றால் 197 லிட்டர். நம் ஊரில் வழக்கமாகப் போடும் ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று (சிமெண்ட், மணல், ஜல்லி) கலவையில் கன மீட்டருக்கு ஏறத்தாழ எட்டு மூட்டை சிமெண்ட் போகிறது. அப்படியானால் மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர், விகிதம் 0.50. கெமிக்கலே இல்லாமல் ஒழுங்காகச் செய்தால் கிடைப்பது இது.

சாதாரண பிளாஸ்டிசைசரான லிக்னோ ஒரு 8 சதவீதம் தண்ணீரைக் குறைக்கும் என்று வையுங்கள், மூட்டைக்கு 23 லிட்டர், விகிதம் 0.46. சூப்பர்பிளாஸ்டிசைசர் 20 சதவீதம் குறைத்தால் 20 லிட்டர், விகிதம் 0.40. ஓட்டம் மூன்றிலும் ஒன்றுதான். சிமெண்டைக் குறைக்காமல் இப்படித் தண்ணீரை மட்டும் குறைத்தால் கான்கிரீட் ஒரு படி, சில சமயம் இரண்டு படி ஏறும். எம்20-க்குப் போட்டது எம்25-ஐத் தாண்டும் (எம் என்பது கான்கிரீட்டின் வலிமைத் தரம், எண் கூடினால் வலிமை கூட).

இதில் யாரும் பேசாத ஒரு விஷயம் இருக்கிறது. எம்-சாண்ட் ஈரமாக வருகிறது. ஒரு மூட்டைக்குப் போகும் மணல் சுமார் 85 கிலோ. அதில் 5 சதவீதம் ஈரம் இருந்தால் நான்கு லிட்டருக்கு மேல் தண்ணீர் நீங்கள் ஊற்றாமலே உள்ளே போய்விட்டது. 25-ல் 4 என்றால் 16 சதவீதம். லிக்னோ கேன் மிச்சப்படுத்தித் தருவதைப் போல இரண்டு மடங்கு! காலையில் லாரியில் வந்த ஈர மணலுக்கும், மத்தியானம் வெயிலில் காய்ந்த மேல் மணலுக்கும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றினால் எந்தக் கெமிக்கல் வாங்கினோம் என்ற பேச்சுக்கே அர்த்தமில்லை. அதனால் என் ஒப்பீட்டில் முதல் கேள்வி எந்தக் கேன் என்பதல்ல, மிக்ஸர் பக்கத்தில் நின்று தண்ணீர் அளக்கப் போவது யார் என்பதுதான்.

அளக்க ஆள் இல்லையா? அப்படியென்றால் எதையும் வாங்காதீர்கள், அந்தக் காசை ஒரு நாள் நிற்கும் சூப்பர்வைசருக்குக் கொடுங்கள். கெமிக்கல் இல்லாமல் 25 லிட்டரில், நல்ல வைப்ரேட்டர் போட்டு, 10 முதல் 14 நாள் தண்ணீர் கட்டிய தளம், கெமிக்கல் போட்டு 32 லிட்டர் ஊற்றிய தளத்தை விட எவ்வளவோ மேல். மூட்டைக்கு 32 லிட்டர் என்றால் விகிதம் 0.64. ஐ.எஸ். 456 சாதாரண சூழலுக்கே 0.55-க்கு மேல் அனுமதிப்பதில்லை.

ஆள் இருக்கிறார் என்றால் அடுத்ததைப் பேசலாம்.

லிக்னோ வகை இருப்பதிலேயே மலிவு. காகிதத்துக்காக மரக்கூழ் எடுக்கும்போது மிஞ்சும் கழிவு நீரிலிருந்து வருவது, 1930-களிலிருந்து கான்கிரீட்டில் இருக்கிறது. ஹார்டுவேர் கடையில் 'வாட்டர்ப்ரூஃப் லிக்விட்' என்று சொல்லி மூட்டைக்கு 200 மில்லி போடச் சொல்லும் பழுப்பு நிறக் கேன்களில் பலவும் இந்தக் குடும்பம்தான். தண்ணீர் குறைந்தால் துளை குறையும், துளை குறைந்தால் கசிவு குறையும், அந்த வகையில் வாட்டர்ப்ரூஃப் என்பது பொய் இல்லை. ஆனால் தண்ணீரைக் குறைக்காமல் ஊற்றினால் அந்தப் பெயர் கேனோடு நின்றுவிடும். 5 முதல் 10 சதவீதம் வரைதான் இது தண்ணீரைக் குறைக்கும். அதற்கு மேல் எதிர்பார்த்து அளவைக் கூட்டினால் இரண்டு வினை வரும். இதில் மரச் சர்க்கரை ஒட்டியிருக்கும், சர்க்கரை சிமெண்டுக்கு எதிரி, செட் ஆவது மணிக்கணக்கில் தள்ளிப்போகும். அப்புறம் கலவைக்குள் காற்றுக் குமிழ் சேரும், ஒரு சதவீதம் காற்று கூடினாலே வலிமை ஐந்து சதவீதம் போல இறங்கும். 200 மில்லி என்றால் 200 மில்லிதான், 'நல்லதுதானே' என்று கூட ஒரு மூடி ஊற்றக் கூடாது. காம்பவுண்ட் சுவர் பெல்ட், லிண்டல், சன்ஷேடு மாதிரி சின்ன வேலைக்கு இது போதும். கம்பி நெருக்கமில்லாத சின்னத் தளத்துக்கும் பரவாயில்லை.

எஸ்.என்.எஃப். என்பது நாஃப்தலீனிலிருந்து செய்வது. 1960-களில் ஜப்பானில் ஹட்டோரி என்பவர் கொண்டுவந்தார். கரும்பழுப்பாக, கொஞ்சம் கனமாக இருக்கும். சிமெண்ட் துகள்களுக்கெல்லாம் ஒரே மின்சுமையைக் கொடுத்து ஒன்றையொன்று தள்ள வைக்கும். ஐ.எஸ். 9103 கணக்குப்படி சூப்பர்பிளாஸ்டிசைசர் என்று பெயர் வைக்க வேண்டுமென்றால் 20 சதவீதமாவது தண்ணீரைக் குறைத்துக் காட்ட வேண்டும், இது காட்டும். மூட்டைக்கு 300 முதல் 500 மில்லி வரை போகும், கம்பெனிக்குக் கம்பெனி செறிவு மாறுவதால் கேனில் போட்டிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். லிக்னோவை விட விலை கூட, பி.சி.இ.யை விடக் குறைவு.

இதன் குறை எல்லோரும் சொல்வதுதான்: ஓட்டம் சீக்கிரம் போய்விடும். மே மாத மதுரை வெயிலில் அரை மணி நேரத்தில் கலவை இறுகத் தொடங்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள், வீட்டு வேலையில் மிக்ஸர் வாசலில் நிற்கிறது, லிஃப்ட் மேலே தூக்குகிறது, கொட்டிய பத்து நிமிடத்தில் வைப்ரேட்டர் இறங்கிவிடுகிறது. அரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டம் நிற்க வேண்டிய தேவையே இங்கே இல்லை. இல்லாத பிரச்சினைக்குக் காசு கொடுத்துத் தீர்வு வாங்க வேண்டாம் என்றுதான் நான் சைட் மிக்ஸருக்கு எஸ்.என்.எஃப். சொல்கிறேன். தூசி கொஞ்சம் கூடுதலாக இருக்கும் எம்-சாண்டையும் இது பெரிதாகக் கண்டுகொள்ளாது. தண்ணீரில் ஒரு லிட்டர் முன்னே பின்னே போனாலும் கலவையில் ஜல்லியும் தண்ணீரும் பிரிந்து போகாது. நம் சைட்டுகள் இருக்கும் நிலைக்கு இந்தப் பொறுமை பெரிய விஷயம்.

பி.சி.இ. மூன்றிலும் கெட்டிக்காரன், சந்தேகமே இல்லை. 1980-களில் இதுவும் ஜப்பானில்தான் பிறந்தது. இதன் மூலக்கூறு சீப்பு மாதிரி, ஒரு தண்டு, அதிலிருந்து நீளமான பற்கள். தண்டு சிமெண்ட் துகளில் ஒட்டிக்கொள்ள, பற்கள் வெளியே நீட்டிக்கொண்டு அடுத்த துகளைக் கிட்டே வரவிடாமல் தள்ளி நிறுத்தும். குறைந்த அளவிலேயே 25, 30 சதவீதத் தண்ணீரைக் குறைக்கும். ஏற்ற வகையாகத் தேர்ந்தெடுத்தால் இரண்டு மணி நேரம்கூட ஓட்டம் நிற்கும். உயரமான கட்டடத்துக்கு பம்ப் அடிக்கும் கான்கிரீட், மெட்ரோ தூண், வைப்ரேட்டரே இல்லாமல் தானாக நிரம்பும் கான்கிரீட் எல்லாம் இன்று இதை நம்பித்தான் நடக்கிறது.

ஆனால் வீட்டுத் தளத்தில் அந்தக் கெட்டிக்காரத்தனத்தை எங்கே செலவழிப்பது? மேலே போட்ட கணக்கையே தொடருங்கள். விகிதத்தை 0.50 என்று வைத்துக்கொண்டு மிஞ்சுகிற தண்ணீருக்கு ஏற்ப சிமெண்டைக் குறைத்தால், 197 லிட்டருக்குக் கன மீட்டருக்கு 394 கிலோவாக இருந்த சிமெண்ட் லிக்னோவில் 362 ஆகும், எஸ்.என்.எஃப்.பில் 315 ஆகும், பி.சி.இ. 25 சதவீதம் குறைத்தால் 295. ஆனால் 300 கிலோவுக்குக் கீழே போகக் கூடாது என்று ஐ.எஸ். 456 கோடு போட்டிருக்கிறது. அதாவது எஸ்.என்.எஃப்.புக்கு மேல் பி.சி.இ. தரும் லாபம் 15 கிலோ. ஐந்து அங்குல கனத்தில் ஆயிரம் சதுர அடி என்றால் சுமார் 12 கன மீட்டர், மொத்தமே மூன்றரை மூட்டை சிமெண்ட். அதற்காக விலை கூடிய கெமிக்கலும் அதன் செல்லமும் தேவையா? (சிமெண்டைக் குறைப்பதெல்லாம் லேபில் மிக்ஸ் டிசைன் செய்து பார்த்த பிறகுதான். கையால் பெட்டி போட்டு அளக்கும் சைட்டில் சிமெண்டைத் தொடாதீர்கள், தண்ணீரை மட்டும் குறையுங்கள்.)

செல்லம் என்று சொன்னேன் அல்லவா, அதை நேரில் பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சைட்டில் பி.சி.இ. வாங்கியிருந்தார்கள். அன்று வந்த எம்-சாண்ட் வேறு குவாரி. ஒரு பிடி எடுத்து அழுத்தித் திறந்தால் உள்ளங்கை ரேகையெல்லாம் செம்பழுப்புக் குழம்பு ஒட்டிக்கொண்டது, குவாரி மேல்மண் கலந்திருந்தது. வெறும் கல்தூள் என்றால் பி.சி.இ. ஓரளவு சமாளிக்கும். களிமண் என்றால் அந்தச் சீப்புப் பற்கள் களிமண் அடுக்குகளுக்குள் போய் மாட்டிக்கொள்ளும், சிமெண்டுக்கு மிச்சமே இருக்காது. முதல் கலவை டிரம்மிலிருந்து உருண்டை உருண்டையாக விழுந்தது. மிக்ஸர்காரர் கெமிக்கலைக் கொஞ்சம் கூட்டினார், அசையவில்லை. மறுபடி கூட்டினார், அசையவில்லை. அடுத்த கலவையில் மணல் குவியலின் இன்னொரு பக்கத்திலிருந்து, களிமண் குறைந்த இடத்திலிருந்து அள்ளிப் போட்டார்கள் போல, அதே கூட்டிய அளவில் கலவை மோர் மாதிரி கொட்டியது. ஜல்லி கீழே, மேலே வெள்ளை நுரையோடு சாம்பல் தண்ணீர். மறுநாள் காலை பத்து மணிக்கு அந்த இடத்தில் கால் வைத்தால் கட்டைவிரல் பதிந்தது. பக்கத்துப் பகுதி இறுகியிருந்தது. அந்தப் பகுதியை என்ன செய்வது என்று நாங்கள் பட்ட பாட்டை இங்கே எழுத இடம் போதாது. முட்டுகளை மட்டும் வழக்கத்தை விட ரொம்ப நாள் தள்ளித்தான் எடுத்தோம். அன்று அங்கே நின்றிருந்தால் உங்களுக்கும் புரிந்திருக்கும், தவறு பி.சி.இ.யுடையது இல்லை. மணலைச் சோதித்து, ஈரத்தை அளந்து, எடை போட்டுக் கலக்கும் இடத்துக்கான பொருள் அது, எங்கள் சைட் அப்படி இல்லை.

அப்படிப்பட்ட இடம் ரெடிமிக்ஸ் பிளாண்ட். தெருவில் லாரி வர வழி இருந்து, உங்களுக்கு 12, 15 கன மீட்டர் தேவையென்றால் ரெடிமிக்ஸ் எடுத்து பி.சி.இ.யை அவர்கள் கையில் விட்டுவிடுவது நல்ல முடிவு. அங்கே நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: லாரி வந்த பிறகு டிரம்மில் தண்ணீர் விட யாரையும் விடாதீர்கள். லோடு ஏற்றியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இறக்க வேண்டும் என்பது விதி. டிராஃபிக்கில் மாட்டி இறுகிப்போய் வந்தால் பம்ப் ஆள் ஹோஸைத்தான் தேடுவார். ஆறு கன மீட்டர் லாரியில் நூறு லிட்டர் விட்டால் கன மீட்டருக்கு 17 லிட்டர், 340 கிலோ சிமெண்டில் 0.46 என்று வந்த விகிதம் 0.51-க்குப் போய்விடும், நீங்கள் காசு கொடுத்த தரம் ஏறத்தாழ ஒரு படி கீழே இறங்கிவிடும். பிளாண்ட் ஆட்களிடம் சொன்னால் அவர்களே கெமிக்கலை அளந்து சேர்த்து, டிரம்மைச் சில நிமிடம் வேகமாகச் சுற்றி இளக்கித் தருவார்கள். அதைக் கேட்டு வாங்குங்கள்.

கடலோரத்தில் கட்டுபவர்களுக்கு, தூத்துக்குடி, ராமேஸ்வரம், நாகப்பட்டினம் என்று உப்புக் காற்று நேரடியாக அடிக்கும் இடங்களுக்கு, இந்த ஒப்பீடு கொஞ்சம் மாறும். அங்கே எம்30, விகிதம் 0.45-க்கு மேல் போகக் கூடாது. கெமிக்கல் இல்லாமல் அதே ஓட்டம் வேண்டுமென்றால் 438 கிலோ சிமெண்ட் கேட்கும். அவ்வளவு சிமெண்ட் போட்டால் சூடும் சுருக்கமும் கூடி வெடிப்பு வரும், வெடிப்பு வழியாக உப்பு கம்பியைத் தேடிப் போகும். சூப்பர்பிளாஸ்டிசைசர் போட்டால் 350 கிலோவில் முடியும். அதனால் அங்கே கெமிக்கல் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியே இல்லை, எஸ்.என்.எஃப்.பா ரெடிமிக்ஸா என்பது மட்டும்தான். கேனில் குளோரைடு (கம்பியை அரிக்கும் உப்பு) இல்லாதது என்று போட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். இது எல்லா ஊருக்கும் பொருந்தும், கடலோரத்தில் உயிர் போகிற விஷயம்.

எதை வாங்கினாலும் ஊற்றும் விதம் ஒன்றுதான். காய்ந்த சிமெண்ட் மேல் நேராக ஊற்றக் கூடாது, ஹாப்பரில் ஊற்றவே கூடாது. முக்கால்வாசித் தண்ணீரில் கலவை நனைந்து சுற்றிய பிறகு மீதித் தண்ணீரில் கெமிக்கலைக் கரைத்து ஊற்றி, இன்னும் இரண்டு நிமிடமாவது சுற்ற விடுங்கள். ஊற்றிய உடனே இளகாது, அரை நிமிடம் கழித்துத்தான் இளகும். அந்த அரை நிமிடத்தில்தான் ஆட்கள் பொறுமை இழந்து தண்ணீர்ப் பக்கெட்டைத் தூக்குகிறார்கள். இன்னொன்று, தண்ணீர் குறைந்த கான்கிரீட்டில் மேலே கசிந்து வரும் நீரும் குறைவு, காற்றும் வெயிலும் சேர்ந்தால் இறுகும் முன்பே மேல்பரப்பு காய்ந்து மயிரிழை வெடிப்பு ஓடும். தேய்த்து முடித்ததும் ஈரச் சாக்கோ பாலித்தீனோ போட்டு மூடிவிடுங்கள், மறுநாள் பாத்தி கட்டும்வரை காத்திருக்க வேண்டாம்.

மச்சானுக்கு நான் சொன்னது எஸ்.என்.எஃப்., மூட்டைக்கு 400 மில்லி. தளத்துக்கு முந்தின நாள், படிக்கட்டின் அடிக்கு ஒரு மூட்டைக் கலவை போட்டுப் பார்த்தோம். பெயிண்ட் பக்கெட்டில் 18 லிட்டருக்கு ஒரு சிவப்புக் கோடு போட்டேன், மணல் ஈரம் போக அன்றைக்குச் சரியாக வந்த அளவு அது. மேஸ்திரி முதலில் நம்பவில்லை, 'இவ்வளவு கொஞ்சத் தண்ணியில சுத்தவே சுத்தாதே' என்றார். மீதித் தண்ணீரோடு கெமிக்கல் போய், டிரம் உள்ளே அந்தத் தொப் தொப் என்ற சத்தம் மெல்ல மாறி, கலவை ஒரே திரளாக வழுக்கிச் சரியத் தொடங்கியதும் அவரே கரண்டியால் ஒரு வாய் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஜல்லி முழுக்கப் பால் பிடித்திருந்தது, ஓரத்தில் தண்ணீர் பிரியவில்லை. மறுநாள் தளத்துக்கு அந்தச் சிவப்புக் கோட்டை அவர்தான் காவல் காத்தார், மத்தியானம் மணல் காய்ந்தபோது "சார், கோட்டுக்கு மேல ரெண்டு லிட்டர் விடலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் விட்டார்.

மிஞ்சிய ஐந்து லிட்டரை அடுத்த மாடித் தூணுக்கு வைத்துக்கொள்ளலாமா என்று மச்சான் கேட்டார். தேதி தாண்டாமல் இருந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம், நிழலில் வைத்து, ஊற்றும் முன் கேனை நன்றாகக் குலுக்கிக்கொள்ள வேண்டும், அடியில் படிந்திருக்கும்.